ஸ்டெல்லா தாமதமாகத்தான் பாடுவாள்

என் ஸ்டெல்லாக் கண்ணுக்கு,

நீ போன பிறகு உன்னிடம் பேசுகிறேன் என்றால் சிரிப்பாய். கல்லறைத் திருநாளில்கூட மெழுகுவத்தியை வைத்துவிட்டுப் பேசாமல் திரும்புகிறவள் நான். ஆனால் இன்று நடந்ததை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்ல?

உன் ஆல்பம் தயாராகிவிட்டது. பழைய கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, பெங்களூரில் அந்தப் புது லேபிளில் நீ பாடி முடித்த பாட்டுகள். உன் தயாரிப்பாளர் விக்ரம் போன வாரம் கூப்பிட்டார். கடைசிப் பாட்டை மட்டும் இரண்டு விதமாக அனுப்பியிருந்தார். ஒன்று நீ பாடியபடி. இன்னொன்று கம்ப்யூட்டரில் "நேராக்கியது".

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பாட்டுல ஸ்டெல்லா ஒவ்வொரு வரியும் ரொம்ப லேட்டா எடுக்கறாங்க. தாளம் முன்னாடி போயிடுது. கொஞ்சம் முன்னாடி இழுத்து வெச்சிருக்கோம். வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள வீட்ல சரின்னு சொன்னா போதும்."

குரலை நகர்த்தக் கூடாது என்று ஒப்பந்தத்தில் நீ எழுதி வாங்கியிருந்தாய். அதனால்தான் கேட்கிறார்கள். அம்மா சரி என்றால் சரி. அம்மா நான் சொல்வதைச் சொல்வாள். ஆக, முடிவு என் தலையில்.

உன் முதல் ஆல்பத்தைப் பழைய கம்பெனிக்காரர்கள் அப்படி நேராக்கியபோது நீ வீட்டுக்கு வந்து கத்தியது ஞாபகம் இருக்கிறது. "அசெம்பிளில நிக்கற பிள்ளைங்க மாதிரி என் குரல லைன்ல நிக்க வெச்சிட்டாங்கக்கா!" எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. அதையும் சொன்னேன். "உனக்குக் காது எதுக்கு, கண்ணாடி மாட்டறதுக்கா?" என்றாய்.

அதை மட்டும் நினைத்திருந்தால் அன்றைக்கே முடியாது என்றிருப்பேன். ஆனால் இந்தப் பாட்டை நீ பாடும்போது உன் நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இரண்டு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அந்தத் தாமதம் நீயாக எடுத்துக்கொண்டதா, மூச்சு கிடைக்காமல் வந்ததா? நோயென்றால், அதை ஊர் கேட்க நீ விடுவாயா? தலைமுடி கொட்டியபோது சொந்தக்காரர்கள் ஒருவரையும் வீட்டுக்குள் விடாதவள் நீ. உன் இசையை அவர்கள் வெட்டக் கூடாது. உன் நோயை நான் காட்டிக்கொடுக்கவும் கூடாது. எது எது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. கல்லூரியில் உப்பைச் சோதித்து இன்னதென்று சொல்லப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறேன். இதற்கு என்ன சோதனை?

இன்று வெள்ளிக்கிழமை. விடுப்பு எடுத்திருந்தேன். சமையலறையில் அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எது எதுவென்று சொல்லாமல், நேராக்கியதை முதலில் போட்டேன்.

இரண்டாவது வரியிலேயே அம்மா கை நின்றது. "என்னாடி இவ? ஆளுங்க வாயத் தொறக்கறதுக்குள்ள அடுத்ததுக்கு ஓடறா?"

"எந்த ஆளுங்கம்மா?"

"பின்னாடி வர்றவங்கதான், வேற யாரு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ பாடியபடி இருந்ததைப் போட்டேன். முதல் வரி முடிந்ததும் அம்மா அதன் கடைசி வார்த்தைகளை மெல்ல இழுத்துத் திருப்பிச் சொன்னாள். அவள் முடித்தாள், நீ அடுத்த வரியை எடுத்தாய். மறுபடி அவள், மறுபடி நீ. ஒரு இடத்திலும் இடிக்கவில்லை.

நம் ஊர்த் தவக்காலம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. பென்னாகரம் பக்கத்து அந்தக் கோயிலிலிருந்து குன்றின்மேல் சிலுவை வரைக்கும், பதினான்கு ஸ்தலங்களில் நின்று நின்று ஜெபித்தபடி, சிலுவைப்பாதை போகும். முன்னால் சிலுவையோடு போகிறவள் ஒரு வரி பாட, கூட்டம் அதன் கடைசியைத் திருப்பிப் பாடும். பாதை வளைவதால் கூட்டத்தின் வால் கண்ணுக்குத் தெரியாது. அவர்கள் பாடி முடிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் முன்னால் இருப்பவள் அடுத்த வரியை எடுக்க வேண்டும். பாவாடை சட்டைக் காலத்திலிருந்து அங்கே முன்னால் பாடியது நீ. நான் கூட்டத்தில் எங்கேயோ, எப்போது முடியும் என்று வந்துகொண்டிருப்பேன்.

"முந்திக்கிட்டா பின்னாடி இருக்கறவங்க அஞ்சாம் ஸ்தலத்துல நிப்பாங்க, முன்னாடி இருக்கறவங்க ஆறாம் ஸ்தலத்துல நிப்பாங்க. ரெண்டு கோயிலு ஆயிடும்," என்றாள் அம்மா. "அவளுக்கு அது தெரியும். இந்த மிஷினுக்கு எங்க தெரியும்?"

என் புத்தி உனக்குத் தெரியுமே. அம்மா எந்தப் பாட்டுக்கும் இப்படி முணுமுணுப்பாளோ என்று சந்தேகம். வேறொரு பாடகியின் பாட்டைப் போட்டேன். அம்மா மொச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் ஆல்பத்தில் இன்னொரு பாட்டைப் போட்டேன். பெங்களூர்க்காரர்கள் டிரம்ஸும் கிட்டாருமாக வாசிக்க, சோல் இசை என்று நீ சொல்லும் அந்தக் குழைந்த குரலில் நீ பாட, அம்மா தன் பங்கை ஆரம்பித்துவிட்டாள்.

"உன் தங்கச்சி தெம்பாத்தான் பாடியிருக்கா. நீ ஏண்டி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

கடைசிப் பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டோம். எல்லாம் சரியாக வந்தது, இறுதி வரிக்கு முன்புவரை. அங்கே அம்மா முடித்துவிட்டாள். நீ வரவில்லை. தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. வால் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அவ்வளவு நேரம் ஆகாது. நான் போனை எடுக்கக் கை நீட்டினேன்.

"இரு, வருவா," என்றாள் அம்மா.

நீ வந்தாய்.

அந்த ஓரிடத்தில் என்ன நடந்தது ஸ்டெல்லா? மூச்சைத் தேடினாயா? இல்லை, யாருக்காவது காத்திருந்தாயா? எத்தனை முறை கேட்டும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததாகப் பாவனை செய்யவும் மனமில்லை.

சாயந்திரம் விக்ரமுக்கு நானே போன் போட்டேன். நகர்த்த வேண்டாம் என்றேன். ஊர்ச் சிலுவைப்பாதையைப் பற்றியும் சொன்னேன்.

"புரியுது மேடம். ஆனா அந்தக் கடைசி எடம்? அது மட்டுமாவது சரி பண்ணிடலாமே. கேக்கறவங்க முடியாமப் பாடுனாங்கன்னு நெனைப்பாங்க."

அதுதானே வாரம் முழுக்க என் பயம்?

"நெனைக்கட்டுங்க," என்றேன். "அதையும் தொடாதீங்க."

"அப்ப இந்தப் பாட்ட வெச்சு விளம்பரம் எதுவும் பண்ண மாட்டாங்க. ஆல்பத்தோட கடைசில சும்மா கெடக்கும். யாரும் அது வரைக்கும் கேக்காமக்கூடப் போகலாம். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? உழைத்தது நீ. நாலு பேர் கேட்க வேண்டும் என்றுதானே அந்த உடம்போடு பெங்களூருக்கும் தருமபுரிக்கும் ரயிலில் அலைந்தாய்? ஆனாலும் பரவாயில்லை என்றேன். அம்மாவும் போனை வாங்கி, "அவ பாடுனது பாடுன மாதிரியே இருக்கட்டும் சாமி," என்று சொல்லிவிட்டாள். அவர் சரி என்றார். முடிந்தது.

நான் செய்தது சரிதானா? நீ இருந்திருந்தால் அந்த ஓரிடத்தை மட்டும் மறைக்கச் சொல்லியிருப்பாயோ? அந்தக் கேள்வி என்னோடு இருக்கும். இருக்கட்டும்.

உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பாட்டு எனக்குப் பிடித்திருக்கிறதா என்று இன்னும் எனக்குத் தெரியாது. பிடிக்கும்வரை கேட்பேன். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஆல்பத்தை முதலிலிருந்து போட்டு, அந்தக் கடைசி வரிவரைக்கும் உட்கார்ந்திருப்பேன். நீ வரும் முன் அணைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பாடத் தெரியாத உன் அக்கா,
ரோசி