வலது கட்டை விரல்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. கையெழுத்தைப் பார்த்துப் பதறாதீங்க. கோழிக் கிறுக்கல் மாதிரிதான் இருக்கும், இடது கையால எழுதறேன். வலது கட்டை விரல்ல ஒரு வெட்டு, அவ்வளவுதான். அந்தக் கதையைப் பின்னால சொல்றேன். முதல்ல நீங்க வேளைக்குச் சாப்பிடறீங்களா? பாப்பாவுக்கு இருமல் நின்னுதா?

படகுக்காரர்கிட்ட நீங்க கொடுத்தனுப்பின சீட்டு வந்தது. மூணு நாள் வேலைன்னு போனவ ஆத்துல விழுந்துட்டியான்னு கேட்டிருக்கீங்க. விழலை. இங்கே போன் எடுக்காது, அதான் பேச முடியலை. பாப்பா ராத்திரி என் புடவையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழறான்னு எழுதியிருந்ததைப் படிச்சதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை. வரக்கூடாதுன்னா இருக்கேன்? என்னை விடலைங்க.

சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். நடு ஆத்துல இருக்கிற இந்தத் தீவுல ஒருத்தர்கிட்டயும் அடையாள அட்டை கிடையாது. அக்கரை அலுவலகத்துக்குப் போனா கதவு எண் கேக்கறாங்களாம். இங்கே பாதி வீட்டுக்குக் கதவே கிடையாது. இந்த உள்ளாட்சித் தேர்தல்ல தீவுக்குத் தனி வார்டு கொடுத்திருக்காங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அட்டைக்குப் பதிஞ்சவங்க பேர்தான் பட்டியல்ல ஏறும். பட்டியல்ல பேர் இருந்தாத்தான் ஓட்டும் போடலாம், தேர்தல்லயும் நிக்கலாம். அதுக்காகத்தான் பதிவு பண்ற பெட்டியோட என்னை அனுப்பினாங்க. வந்து பார்த்தா அதிகாரி சொன்னதைவிட ரெண்டு மடங்கு ஜனம். பள்ளிக்கூடத்து வாத்தியார் மேசையில பெட்டியை வெச்சு, ஒவ்வொருத்தரா உக்கார வெச்சு, ஐயா சிரிக்காதீங்க, அம்மா கண்ணை மூடாதீங்கன்னு கத்திக் கத்தி என் தொண்டை கட்டிப்போச்சு.

நாலாம் நாள் நான் பையைத் தூக்கினேன். படகுக்காரர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு இன்ஜின் கோளாறுன்னார். மறுநாள் டீசல் இல்லைன்னார். அதுக்கு அடுத்த நாள் விடியக்காலையில ஜன்னல் வழியாப் பார்க்கறேன், அதே படகு டபடபன்னு மீன் பிடிக்கப் போகுது! திரும்பி வந்ததும், யாருக்குய்யா காது குத்தறேன்னு பிடிச்சுக்கிட்டேன். மனுஷன் வெக்கமே இல்லாம சிரிக்கறார். மேடம், உங்க விரலை வெச்சாத்தானே பெட்டி திறக்குது, நீங்க போயிட்டா அப்புறம் எங்களுக்கு எந்த ஜென்மத்துல திறக்கும்னு கேக்கறார். கோபம் வந்தது.

அவர் சொன்னதுல தப்பில்லை. தினமும் காலையில என் வலது கட்டை விரலை வெச்சாத்தான் பெட்டி வேலை செய்யும். பத்து விரலையும் பதிஞ்சு வெச்சுக்கோங்கன்னு பயிற்சியிலேயே தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க. சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சேன்னு ஒரு விரலோட எழுந்து வந்தவ நான். உங்களுக்குத்தான் என் சோம்பேறித்தனம் தெரியுமே.

நான் தங்கியிருக்கறது வலை பின்னுற ஒரு அக்கா வீட்டுல. இன்னும் தேர்தலே வரலை, அதுக்குள்ள எல்லாரும் அவங்களைத் தலைவின்னுதான் கூப்பிடறாங்க. போன மழைக்காலத்துல அவங்க தங்கச்சியைப் பிரசவ வலியோட படகுல கொண்டு போயிருக்காங்க. ஆசுபத்திரியில அட்டை எங்கேன்னு கேட்டு வராந்தாவுலயே உக்கார வெச்சுட்டாங்களாம். தாயும் பிழைக்கலை, பிள்ளையும் பிழைக்கலை. தீவுக்கு ஒரு நர்ஸைக் கொண்டு வராம விடமாட்டேன்னு இவங்க தேர்தல்ல நிக்கப் போறாங்க. அக்கரையில ஆத்து மணல் அள்ளி விக்கறவரோட மச்சான் ஒருத்தர் அட்டையும் கையுமா தயாரா இருக்கார். இவங்க நிக்கலைன்னா போட்டியே இல்லாம அவர்தான்.

இந்த அக்கா ராத்திரி எனக்கு உள்ளே பாயை விரிச்சுட்டு, தன் பாயை வாசப்படிக்குக் குறுக்கே போட்டுக்குவாங்க. நாய் வரும்னு சொல்வாங்க. நாய்க்கு இல்லை அந்தப் பாய்னு எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். ஊரே பதிஞ்சு முடியட்டும், நான் கடைசியா உக்கார்றேன்னாங்க. என்ன பெரிய மனசுன்னு நினைச்சேன். அவங்க மிச்சம் இருக்கிற வரைக்கும் நான் பெட்டியைக் கட்ட முடியாதுங்கறது ரெண்டு நாள் கழிச்சுத்தான் உறைச்சது. பலே ஆளு!

இப்போ வெட்டுக்கு வர்றேன். உங்க சீட்டு வந்த அன்னிக்கு மத்தியானம், சும்மா உக்காந்திருக்க முடியாம, அவங்க அரிவாள்மணையில பூசணிக்காய் நறுக்கிக் கொடுத்துக்கிட்டிருந்தேன். பாப்பா அழற நினைப்பாவே இருந்தது. இந்த விரல் ஒண்ணு இல்லைன்னா என்னை விட்டுடுவாங்க இல்லையான்னு தோணுச்சு. அடுத்த நொடி வலது கை வழுக்கி அரிவாள்மணையில இறங்கிடுச்சு. சத்தியமா வேணும்னு பண்ணலைங்க. ஆனா அந்த நினைப்பு வந்ததும் நிஜம், விரல் அறுபட்டதும் நிஜம். நடுவுல என்ன நடந்துச்சுன்னு எனக்கே தெரியலை. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது.

மறுநாள் பெட்டி திறக்கலை. அப்போ மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள். யாருன்னு சொல்லணுமா?

அலுவலகத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டேன். எங்கே பார்த்தாலும் முகாம், வேற ஆளும் இல்லை, வேற பெட்டியும் இல்லை, திரும்பி வந்துடு, விட்டுப்போனவங்களைத் தேர்தலுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்னு பதில் வந்தது. அந்தப் பதில் வந்த அன்னிக்கே இன்ஜினும் சரியாயிடுச்சு. எப்போ வேணா கிளம்பலாம் மேடம்னு படகுக்காரர் என் முகத்தைப் பார்க்காமச் சொல்லிட்டுப் போனார். அன்னிக்கு ராத்திரி அக்கா தன் பாயை அடுப்பங்கரையில போட்டுக்கிட்டாங்க. வாசல் திறந்து கிடந்தது. அவங்க குறுக்கே படுத்திருந்தப்போகூட எனக்கு இப்படி மூச்சு முட்டலைங்க.

அவங்க ஒரு வார்த்தை திட்டலை. ஏன் இப்படிப் பண்ணீங்கன்னு கேக்கலை. கேட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை கத்திட்டு அந்தக் கோபத்துலயே படகு ஏறியிருப்பேன். காலையிலயும் சாயங்காலமும் வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொண்டு வர்றாங்க. கட்டை அவிழ்த்து, என் விரலைத் தன் மடியில வெச்சு, பிறந்த குழந்தையைக் கழுவற மாதிரிக் கழுவறாங்க. வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்க்கறாங்க. அப்புறம் புதுத் துணி கட்டிட்டு, சாப்பிட வாங்கன்னு மட்டும் சொல்றாங்க. அந்தக் கைக்கு நான் என்னத்தைப் பதில் சொல்றது?

இன்னிக்குப் புதன். காயத்தோட ஓரம் கொஞ்சம் சேர்ந்திருக்கு. காலையில விரலை வெச்சுப் பார்த்தோம். நேத்து வெச்ச உடனே முடியாதுன்னு சிவப்பு விளக்குப் போட்ட பெட்டி, இன்னிக்குக் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டுத்தான் முடியாதுன்னுச்சு. இதைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க. நாங்க ரெண்டு பேரும் சிரிக்கலை.

அதுக்கப்புறமும் பையை எடுத்துக்கிட்டுப் போய்ப் படகுல வெச்சேன், உங்ககிட்ட அதையும் சொல்லிடறேன். பாப்பா முகம்தான் கண்ணுல நின்னுச்சு. அக்கா கரைக்கு வரலை. வீட்டு வாசல்ல உக்காந்து வலையைப் பின்னிக்கிட்டிருந்தாங்க, தலையைத் தூக்கலை. நான் பையை இறக்கிட்டேன். படகுக்காரர் காத்திருக்கார், பைக்குப் பதிலா இந்தக் கடிதத்தைக் கொண்டு வருவார்.

என் மேல கோபம் வரும். வரட்டும், வந்து நேர்ல வாங்கிக்கறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் எனக்காகப் பொறுத்துக்கோங்க. பாப்பாவுக்கு ரெட்டைச் சடை வரலைன்னா ஒத்தைச் சடையே போடுங்க, இழுத்துக் கட்டாதீங்க, தலை வலிக்கும்பா. புடவையை அவகிட்டயிருந்து பிடுங்காதீங்க.

கீழே விழுந்து யாருக்கு அடிபட்டாலும் ஓடி வந்து ஊதிவிடுவாளே, ஊதினா சரியாயிடும்னு. அம்மாவுக்குக் கட்டை விரல்ல காயம்னு மட்டும் சொல்லுங்க, வேற எதுவும் சொல்லாதீங்க. மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போய், ஆத்துப் பக்கமாத் திருப்பி நிக்க வெச்சு, நல்லா மூச்சை இழுத்து ஒரு தடவை ஊதச் சொல்லுங்க. நாளைக்கும் ஊதச் சொல்லுங்க.

உங்கள் பொறுமையை நம்பி,
பாப்பாவின் அம்மா