காப்பிக் களத்துப் படிப்பு

பல்லேகல, மேட்டு லயம்.
தாது வருடம், தை மாதம்.

மகன் சுந்தரலிங்கத்துக்கு அம்மா எழுதுவது.

பல்லேகலயில் காப்பி நனைந்த அன்று, அதைக் காயப்போடும் களத்தில் இருந்தவர்கள் இவர்கள்: நான், என் இடுப்பில் நீ, லயத்தில் பக்கத்துக் காம்பராப் பாலம்மா, அழகம்மாக் கிழவி, வண்டிக்கார முஹைதீன் நானா, மழை பார்க்க மேட்டில் நிறுத்தியிருந்த உன் அப்பா பொன்னையா. பிறகு வந்தவர்கள் கறுப்பையா கங்காணியும் துரையும். வேறு யார் என்ன சொல்லியிருந்தாலும் அவர்கள் அங்கே இல்லை.

மாத்தளைக்கு உங்களிடம் வந்திருந்தபோது நான் தொடங்கிவைத்து, பிறகு மருமகள் நடத்திவந்த களத்துப் படிப்பை நீ கங்காணியானதும் நிறுத்திவிட்டாய் என்று அவள் சொல்லி அனுப்பினாள். "பல்லேகலயில பொம்பளைக படிச்சுத்தான் காப்பி நனைஞ்சுச்சு, எங்கப்பாவே சொல்லியிருக்காரு" என்றாயாம். நடந்ததைக் கேட்டுக்கொள்.

அப்போது ரயில் இல்லை. காப்பி காயும்வரை முஹைதீன் நானா மாடுகளை அவிழ்த்துவிட்டுக் காத்திருப்பார். ஊரிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் அவரிடம்தான் ஓடுவோம். ஒருநாள் சலித்துப்போய், "ஒங்கட மாமிமார்ர சண்டையெல்லாம் வாசிச்சி என்ட தொண்ட காஞ்சி பெய்த்து, இனி நீங்களே படிங்கொ" என்று, பரப்பியிருந்த காப்பியில் சாட்டைக் கம்பால் ‘அ’ எழுதினார். காப்பியை ஓயாமல் காலால் கிளற வேண்டும் அல்லவா? அந்த எழுத்தின் மேலேயே நடந்து நடந்து கிளறினோம். அழிந்ததும் அடுத்த எழுத்து. வேலை ஒருநாளும் நிற்கவில்லை. ‘இ’ வந்தபோது அழகம்மாக் கிழவி, "இதுக்கு எத்தனை கொடலுடி! ஆட்டுக்குக்கூட இம்புட்டு இல்லை" என்றாள்.

அன்று ஹந்தானை மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது, களத்திலிருந்து பார்த்தால் அது தெரியாது. மழை தெரிந்தால் உன் அப்பா கொம்பு ஊத வேண்டும். நாங்கள் காப்பியைக் குவித்துப் படங்கு போட்டு மூட வேண்டும். அவர் சாராயத்தைக் குடித்துவிட்டுத் தூங்கினார். எங்கள் மேல் துளி விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பாதிக் காப்பி நனைந்துவிட்டது. கங்காணி பிரம்போடு வந்து நின்றதும் உன் அப்பா, "நான் ஊதினேனுங்க, எழுத்துப் படிக்கிற மும்முரத்துல இவளுங்களுக்குக் காது கேக்கலீங்க" என்றார். கங்காணி அதையே துரையிடம் சொன்னார். நானாவைத் தோட்டத்துக்குள் விடக்கூடாது என்று உத்தரவானது. பாலம்மா சாகும்வரை கைநாட்டுதான். நான் கண்டிக்குப் போகிற ஞாயிறுகளில் வண்டிப்பேட்டையில் நானாவைத் தேடிப் பிடித்து மீதியைப் படித்தேன்.

இங்கே காப்பி இலையில் மஞ்சள் பொடி பிடித்திருக்கிறது. துரை முகம் சரியில்லை. எனக்கு முழங்கால் வலி. கொடுத்தனுப்பிய கருப்பட்டி வந்து சேர்ந்ததா?

கங்காணி செத்துப்போனார். துரைக்குத் தமிழ் தெரியாது, சொன்னதை நம்பினார். உன் அப்பா பிரம்புக்குப் பயந்து பொய் சொன்னார். அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிய அன்றும் திட்டினேன், அப்புறம் விட்டுவிட்டேன். இப்போது பிரம்பு உன் கையில் இருக்கிறது. நீ யாருக்குப் பயப்படுகிறாய்?

பேத்தி பாப்பம்மா உயிரெழுத்தை முடித்துவிட்டாளாம். அடுத்து காப்பி பரப்பும்போது பெண்களைப் படிக்க விடு. முருகன் உன்னையும் உன் பெண்டு பிள்ளைகளையும் காப்பாற்றட்டும்.

நீ படிக்க விடும்வரைக்கும் நான் மன்னிக்காத ஆள் ஒருவன்தான். அவன் பெயரை வேறு யாரையும் எழுதச் சொல்லாமல் என் கையால் நானே எழுதுகிறேன்:

பொன்னையா மகன் சுந்தரலிங்கம்.