பெட்டியை நான்தான் பிளந்தேன்

சவாயீத் தீவு, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் தீரேசாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோருக்கும் உயிர் இருக்கிறது, உடம்பைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீயும் குழந்தைகளும் சுகமா, ஆக்லாந்தில் குளிர் எப்படி? போனில் நீ கத்திய கத்தலில் என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் படித்த பிறகு கோபப்படு. உன் தம்பி எனேலேயை ஊர்ப் பையன்கள் அடித்த வீடியோவைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை தோமாசி தன் ஆட்களோடு இங்கே வர டிக்கெட் போடுகிறாராமே, அந்த வீடியோ பாதியில்தான் தொடங்குகிறது தெரியுமா?

நீ அனுப்பிய பாஸ் ஸ்பீக்கருக்கு எனேலே காரின் பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பெட்டி செய்தான். பிளைவுட்டை அறுத்து, பசை போட்டு, திருகாணி முடுக்கி, அன்று மாலை காருக்குள்ளேயே குப்புறப் படுத்துக்கொண்டு கொசுவர்த்தியைப் பற்றவைத்து மூட்டு மூட்டாகக் காட்டிக்கொண்டிருந்தான். காற்று கசிந்தால் புகை ஆடிக் காட்டிக் கொடுக்குமாம். அதற்குப் பாட்டை முழுச் சத்தத்தில் வைக்க வேண்டுமாம். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தான், மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதியது அவன் காதில் விழவே இல்லை. நாங்கள் வீட்டுக்குள் பாடத் தொடங்கிவிட்டோம், எங்கள் பாட்டுக்கு அடியில் தரை அதிர்கிறது. ஜெப வேளையில் எழுந்து போகக் கூடாதென்று உன் அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். ஜெபம் முடியும்வரை ஊரில் சத்தமோ நடமாட்டமோ இல்லாமல் பார்த்துக்கொள்ள மற்றப் பையன்களோடு சாலையில் காவல் நின்ற பிலிபோ வந்து காரைத் தட்டி, “டேய் எனேலே, ஜெப நேரம்டா, நிறுத்துடா” என்று கத்தியிருக்கிறான். பாட்டு நிற்கவில்லை, திமிர் என்று நினைத்துக் கல்லை எடுத்துப் பின்கண்ணாடியில் போட்டான். உன் தம்பி முதுகெல்லாம் கண்ணாடித் தூளோடு வெளியே வந்து, யார் என்ன என்று கேட்காமல், பலகையை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கிடுக்கியால் பிலிபோவின் முகத்தில் அடித்தான். விழுந்தவனை மறுபடியும் அடித்தான், தீரேசா. பல் சிதறியது, தாடை உடைந்தது, காதிலிருந்து ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் உன் வீடியோவில் இருக்கிறது, மற்றவர்கள் ஓடிவந்து இவன் கையை முறித்ததும் காரைக் கவிழ்த்ததும்.

பிலிபோ ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். அவன் செத்தால் நம் வீடு எரியும், எனேலேயும் இருக்க மாட்டான், ஊருக்கே தெரியும். விடிந்ததும் உன் அப்பாவும் நானும், கட்டுப் போட்ட கையோடு அவனும், பிலிபோ வீட்டு முன்னால் போய், மன்னிப்புக் கேட்டுச் சடங்குப் பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம்; அவர்கள் பாயைத் தூக்கினால் மன்னிப்பு, இல்லையென்றால் எங்கள் உயிர் அவர்கள் கத்திக்கு. உன் கல்யாணத்துக்கு வந்த பாய்தான், திட்டாதே. பிலிபோவின் அண்ணன்கள் கத்தியோடு எங்களைச் சுற்றி நடந்தார்கள், பாயின் ஓரத்தில் அவர்கள் பாதம் மட்டும் தெரிந்தது. ஒரு கல் உன் அப்பா தோளில் விழுந்தது, அவர் அசையவில்லை. எனேலே அழுதான், நான் அவன் தொடையைக் கிள்ளி அடக்கினேன். எனக்கு அவ்வளவு பயம். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து பிலிபோவின் அம்மா சூசானா வந்து, தன் கையாலேயே பாயைத் தூக்கினாள். “எந்திரி, வெயில்ல கெடக்காத. எம்புள்ள கண்ணத் தொறந்துட்டான், அதனால உம்புள்ளயும் பொழச்சான்” என்றாள். அண்ணன்கள் கத்தியைக் கீழே போட்டார்கள்.

ஊர்ச் சபை பன்றியும் டின் மீனும் தண்டம் போட்டது, கொடுத்துவிட்டோம். பெட்டியை நான்தான் கோடாலியால் பிளந்தேன், லேசில் உடையவில்லை. உன் தம்பி பக்கத்தில் நின்று “அம்மா, நடுவுல அடி, மூட்டு வுடாது” என்கிறான், வெட்கங்கெட்டவன். அந்த விறகில்தான் ஈரப்பலா சுட்டோம்.

மாப்பிள்ளையிடம் சொல், இங்கே தீர்ந்துவிட்டது. சூசானா பாயைத் தூக்கிய பிறகு நம் பக்கத்திலிருந்து ஒரு கை ஓங்கினாலும் அவளை நடுத்தெருவில் அவமானப்படுத்தியதாகும், அடுத்த முறை பாயைத் தூக்க ஒருவரும் வரமாட்டார்கள். குழந்தைகளுக்கு இருமல் என்றாயே, தேங்காயெண்ணெயைச் சூடாக்கி நெஞ்சில் தேய். ஆண்டவர் உன் வீட்டைக் காக்கட்டும், உன் வாயையும் காக்கட்டும். மாப்பிள்ளையும் ஆட்களும் விமானம் ஏறினார்கள் என்று கேள்விப்பட்டால் நான் போய் பிலிபோ வீட்டு வாசலில் உட்காருவேன், தலைமேல் பாய் இருக்காது. பிலிபோ வீட்டாரை மாப்பிள்ளை தொட வேண்டுமானால் முதலில் என்னைத் தாண்டட்டும்.

உன் அம்மா,
மேலே