திரும்பி வரக் கேட்டவள்

மார்ச் 4, செவ்வாய்
சுருட்டை ராஜினாமா கொடுத்துவிட்டாள். தலைமுடியை வைத்து நான்தான் அவளுக்கு அந்தப் பெயர் வைத்தேன். இந்த மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராக எனக்கு ஒன்பது வருடம், அவளுக்கு மூன்று. புது இடத்தில் தனி அறையாம், இங்கே பார்ப்பதில் பாதி ஆட்களைப் பார்த்தால் போதுமாம். அதே வேலைக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன். யாருக்கும் தெரியாது.

மார்ச் 14
சுருட்டைக்கு வழியனுப்பு விழா. விபத்தில் கால் போன லாரி டிரைவர் அழுதே விட்டார். "இனிமே நான் யார்கிட்டம்மா பேசறது?" என்று அவளிடம் கேட்கிறார். பக்கத்தில் நான் நிற்கிறேன். நான் என்ன தூணா?

மார்ச் 19
டிரைவர் இனி என் பொறுப்பு. முக்கால் மணி நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளிடம் மட்டும் அப்படிச் சிரித்தாரே — என்ன சொக்குப்பொடி போட்டாள்?

ஏப்ரல் 22
சுருட்டையைப் பற்றிப் பேச மேலாளர் கூப்பிட்டார். "அவங்களுக்கு அந்த இடம் ஒத்துவரலையாம். திரும்பி வரட்டுமான்னு கேக்கறாங்க. நீங்க சீனியர், என்ன சொல்றீங்க?"
வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, "ஒரு தடவை போனவங்க மறுபடியும் போவாங்க சார்" என்றேன். தலையாட்டினார். அவ்வளவுதான், முடிந்தது.

ஏப்ரல் 23
நன்றாகத் தூங்கினேன். அதுதான் பயமாக இருக்கிறது.

மே 6
டிரைவர் மூன்று வாரமாக வரவில்லை. போன் செய்தேன், மனைவி எடுத்தார். "செயற்கைக் காலைக் கழட்டிப் பரண்ல போட்டுட்டாரும்மா. உங்களக் குறை சொல்லல. 'அந்தம்மா கடிகாரத்தையே பாக்கறாங்க'ன்னு மட்டும் சொன்னாரு."
பார்த்தேனா? பார்த்தேன். ஒவ்வொரு தடவையும். அவர் வந்தபோது மட்டுமா, யார் வந்தாலும் கடிகாரத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்?

மே 7
மேலாளரிடம் போனேன். "அன்னிக்குப் பொறாமையில சொல்லிட்டேன் சார். அவளக் கூப்பிடுங்க."
கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "பொறாமைன்னா, நீங்களும் அந்த மாதிரி போறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க."
"நானும் அங்க கேட்டுப் பாத்தேன் சார். எடுக்கல."
சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார்.

ஜூன் 2
சுருட்டை இன்று சேர்ந்துவிட்டாள். அவள் வந்த செய்தி கேட்டுப் பதினோரு மணிக்கு டிரைவர் வந்தார், செயற்கைக் காலோடு. என் அறையைத் தாண்டி நேரே அவளிடம் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் சிரிப்பது சுவர் வழியாகக் கேட்டது.
வயிறு எரிந்தது. எரியட்டும்.
வெளியே காத்திருந்தவரை உள்ளே கூப்பிட்டேன். "உக்காருங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்றேன்.