கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் திரை

என்னங்க,

சோறும் பருப்பும் மூடி வச்சிருக்கேன். கிளம்பும்போது சாவியைக் கீழ்வீட்டு வங்காளிக் காக்கிமாகிட்ட கொடுத்துடுங்க.

வேலையை விட்டு நிறுத்தின கேன்டீன் பொம்பளைங்க எங்க எல்லாரையும் கம்பெனி திரும்ப வேலைக்குச் சேர்க்கிற வரைக்கும் நான் ஃபேக்டரி கேட்டில்தான் உட்காருவேன். இன்னைக்கு டாலிகஞ்ச் காலனி ஜனங்களும் ஊர்வலமா வந்து எங்களோட சேர்றாங்க. முன்னே பின்னே தெரியாதவங்க வர்றாங்க. நீங்க என்னடான்னா நேத்து ஸ்ட்ரைக்கை மீறி கம்பெனி பஸ்ஸில் உள்ளே போனீங்க. கேட்டில் கோஷம் போட்டுக்கிட்டிருந்த என்னைப் பார்த்ததும் ஜன்னல் திரையை இழுத்து விட்டீங்க. பக்கத்தில் நின்ன எங்க கேன்டீன் ரேணுதி, "உன் வீட்டுக்காரர்தானே அது?"ன்னு கேட்டாங்க. "இல்லை"ன்னு சொல்லிட்டேன்.

வளர்மதி

இன்னைக்கும் அதே பஸ்ஸில்தான் போவீங்கன்னா ஜன்னலோரமா உட்காராதீங்க. கல்லெறியப் போறதா பேசிக்கிறாங்க. நான் யாரையும் தடுக்க மாட்டேன்.