முசுட்டுக்கு ஒரு வலை

பிப்ரவரி 4

அன்புள்ள தடியனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று கேட்டால் பதில் வர ஒரு மாதம் ஆகிறது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை சாமான் ஏற்றிக்கொண்டு ஜீப் உன் மலைச்சரிவுக்கு வந்துதானே போகிறது? அதில் ஒரு தாள் கொடுத்தனுப்பினால் கை சுளுக்கிக்கொள்ளுமோ? நாற்பத்தொரு வயதான உன்னை இன்னும் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

செடி மீட்புத் திட்டத்தின் ஐந்தாவது வரைவை முடித்துவிட்டேன். நூற்று நாற்பது பக்கம். அதில் ‘விதை’ என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே ஏழு வருடமாக வெறும் தாள். போன கூட்டத்தில் குழுத் தலைவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: “மேடம், பக்கம் நிறைய இருக்கு. விதை எங்க?” உலகத்தில் உன் சரிவில் மட்டும் மிஞ்சியிருக்கிற செடி, வருடா வருடம் பூத்தும் ஒரு காய் பிடிப்பதில்லை என்றால் யார் நம்புவார்கள்? முசுடு என்று நாம் வைத்த பெயர் சரிதான். கிளை ஒடித்து நட்டால் அழுகுகிறது. பூகூட முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் பூக்கிறது.

இந்த வருட எண்ணிக்கையும் உன் பழைய குறிப்பேடுகளும் உடனே வேண்டும். ஜூனில் குழு கூடுகிறது. இந்த முறையும் விதை இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள்.

“அந்தப் புதருக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்ல எனக்கு இல்ல” என்கிறார் உன் அத்தான். பொய்யில்லை.

உன் அக்கா

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நீட்டும்போதே ஜீப்காரர், “அக்கா திட்டியிருக்காங்களா?” என்று கேட்கிறார். அவ்வளவு பேர் எடுத்துவிட்டாய்.

எண்ணிக்கை ஒன்பது. போன வருடம் பதினாறு. பட்டுப்போன ஏழும், செடிக்குச் செடி நாம் கட்டிய வலைக்குள் நின்றபடியே காய்ந்திருந்தன. மான் கடிக்கவில்லை, புழு அரிக்கவில்லை. வயதாகிவிட்டது, அவ்வளவுதான். குட்டிச் செடி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

ஏழு குறிப்பேடுகளையும் மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்து அதற்கும் ஒரு பாட்டம் திட்டாதே. காய் பிடிக்காதது பற்றி எனக்கு என்ன தெரியும்? நீதான் படித்தவள்.

ஓணான் ஒன்று என் ஷூவுக்குள் குடித்தனம் வந்திருக்கிறது. மற்றபடி நலம்.

தடியன்

மார்ச் 12

தம்பிக்கு,

உன் நான்காவது குறிப்பேட்டில் ஏப்ரல் 19: ‘கிளை முறிந்து விழுந்ததில் 14, 15ஆம் எண் செடிகளின் வலைகள் கிழிந்தன.’ மே 30: ‘14இல் மூன்று காய்.’ மறுநாள்: ‘வலைகளைத் தைத்தேன்.’ அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

மேசையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தேன். இந்தப் பூவின் மகரந்தத்தைக் காற்றே ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகும் என்று முதல் வரைவில் அடித்துச் சொன்னவள் நான்தான். புழு நுழையக்கூடாது என்று அத்தனை நெருக்கமான வலையைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். புழு நுழையாத இடத்தில் தேனீ எப்படி நுழையும்?

நான்கு வருடம் ஏன் வாயைத் திறக்கவில்லை? சுற்றி வளைக்காமல் எழுது. அந்த மூன்று காய்கள் எங்கே?

ஒரு தூரிகை அனுப்பியிருக்கிறேன். தன் மகரந்தத்தில் தானே காய்க்கிற செடி இல்லை இது; இரண்டு செடி ஒரே சமயத்தில் பூத்தால் போதும். ஒன்றின் மகரந்தத்தை எடுத்து மற்றதில் தடவு.

அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

தூரிகை கிடைத்தது. ஒன்பதில் ஒன்றும் இன்னும் மொட்டு வைக்கவில்லை.

அந்த வருடம் கிழிந்த வலை வழியாக எறும்பு அளவுத் தேனீ ஒன்று பதினைந்திலிருந்து பதினான்குக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். காயைக் கண்ட அன்றே உனக்குக் கடிதமும் எழுதிவிட்டேன். ஜீப் வந்தது. அதில் உன் கடிதம், கூடவே பத்திரிகையிலிருந்து வெட்டிய படம். வலை போட்டுச் செடியைக் காப்பாற்றியதற்கு உன்னை மேடையில் ஏற்றிப் பாராட்டுகிறார்கள். நீ சிரிக்கிறாய். அம்மா போன பிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் கடிதத்தைக் கொடுக்கவில்லை. படத்தைக் கதவில் ஒட்டினேன். மறுநாள் வலையைத் தைத்தேன்.

இன்னொன்றும் உண்டு. முதன்முதலில் வலை கட்டிய அன்று, “இவ்வளவு நெருக்கமா வேணுமாக்கா?” என்று கேட்டேன். வேலையாட்கள் எதிரில், “சொன்னதைச் செய்டா” என்றாய். செய்தேன். காய்த்ததையும் அடுத்த வருடம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அடுத்த வருடம் வந்ததும், போன வருடமே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று விட்டுவிட்டேன். இப்படியே நான்கு வருடம்.

காய்களில் பதினோரு விதை இருந்தது. ஊன்றினால் முளைக்கும், முளைத்தால் நீ கேட்பாய் என்று மாத்திரைப் புட்டியில் போட்டுத் தகரக் கூரைக்கு அடியில் வைத்திருந்தேன். ஜீப்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தடியன்

ஏப்ரல் 20

அன்புள்ள தடியனுக்கு,

பதினொன்றும் செத்தவை. ஆய்வுக்கூடத்துப் பெண் ஒன்றைப் பிளந்து காட்டினாள். உள்ளே பழுப்பாகத் தூள்தான் இருந்தது. “எடுத்த வருஷமே குடுத்திருந்தீங்கன்னா முளைச்சிருக்கும் மேடம்” என்றாள். அவள் மேல் எரிந்து விழுந்தேன், பாவம்.

இரண்டு நாள் உன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்போது நாற்பதுக்கு மேல் செடி இருந்ததே! ஒரு தூரிகையும் ஒரு ஏப்ரலும் போதுமாக இருந்திருக்கும். மூன்றாம் நாள், ‘சொன்னதைச் செய்டா’ என்று நான் சொன்னதை நினைவுபடுத்திப் பார்த்தேன். எனக்கு நினைவே வரவில்லை. உனக்கு ஏழு வருடமாக மறக்காதது எனக்கு நினைவிலேயே இல்லை. அலுவலகக் கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

‘விதை’ என்ற தலைப்புக்குக் கீழே இப்போது எழுதிவிட்டேன்: வலையைத் தேர்ந்தெடுத்தது என் தவறு என்று, என் பெயர் போட்டு. உன் பேச்சை அதில் எடுக்கவில்லை.

வலைகளையெல்லாம் அறுத்துப் போடு. எத்தனை பூத்திருக்கிறது என்று எழுது. இரண்டு இருந்தால் போதும் தடியா, இரண்டே இரண்டு.

என்னிடம் உனக்கு அவ்வளவு பயமா?

உன் அக்கா

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

வலைகளை அறுத்துவிட்டேன். மான் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதற்கே வேண்டியிருக்கவில்லை. ஒன்பதில் எட்டுச் செடி, தண்டு உள்ளே கூடாகி நிற்கிறது. தொட்டால் ஒடிகிறது.

மூன்றாம் எண்ணில் ஒரு பூ. ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை அந்தக் குட்டித் தேனீ வந்தது. பூவில் உட்கார்ந்தது, வேறு பூ தேடி ஒன்பது செடியையும் சுற்றிவிட்டுப் போய்விட்டது. உன் தூரிகை என் சட்டைப் பையில் இருக்கிறது. தினமும் எல்லாச் செடியையும் பார்த்துவிட்டேன். இன்னொரு மொட்டு இல்லை. அந்தத் தண்டும் அடியில் கறுக்க ஆரம்பித்துவிட்டது.

பயமா என்று கேட்டாய். ஆமாம். பயம்தான்.

காவலுக்கு இனி வேலை இல்லையென்று ஊருக்குக் கிளம்பப் பெட்டி கட்டியிருந்தேன். “பெட்டியை ஏத்தவா சார்?” என்று ஜீப்காரர் நிற்கிறார். பூ உதிரட்டும், அடுத்த முறை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஜூன் கூட்டத்தில் எண்ணிக்கை கேட்டால் ஒன்று என்று சொல். அதற்குள் மாறினாலும் மாறும்.

அன்றைக்குக் கொடுக்காத கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது. பார்த்துப் பிரி.

தடியன்

மே 30
(நான்கு வருடத்துக்கு முன்)

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. முசுடு காய்த்துவிட்டது! பதினான்காம் எண்ணில் மூன்று காய். எண்ணி எண்ணிப் பார்த்தேன், மூன்றுதான். வலை கிழிந்ததால் தேனீ நுழைந்திருக்கிறது. பூக்கிற மாதத்தில் மட்டும் வலையைத் திறந்துவிட்டு நான் பக்கத்திலேயே காவல் இருக்கிறேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கோபப்பட மாட்டாயே? ஜீப் சத்தம் கேட்கிறது. ஓடிப்போய் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

உன் தடியன்