பின்பெட்டியில் கரண்டிச் சத்தம்

03.05.2009 ஞாயிறு

வெயில். கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கூட்டக் கூட்ட வீட்டுக்குள் மணல்.

குணம் மருந்துக்கடையைத் திறக்காமலே கல்லடிக்கு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினான். இசைத்தட்டு வெளிவந்துவிட்டதாம். டொரொன்டோவில் இருக்கும் அவன் மச்சான் வாங்கித் தபாலிலும் போட்டாயிற்று. நாலரை வருடக் காத்திருப்பு. இரண்டு பேரும் வாசலில் நின்று அசட்டுத்தனமாகச் சிரித்தோம். பிறகு அவன் முகம் மாறிவிட்டது. அவன் தம்பி சண்டை நடக்கும் வன்னிக்குள். தை மாதத்துக்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. சிரித்ததற்கு வெட்கப்பட்டவன் போலச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

ஸ்பீக்கர் பெட்டிகளுக்குச் செய்ய வேண்டியவை:
– என் முன்பெட்டிகள் இரண்டும்: தூசு தட்ட, வயர் மாற்ற.
– குணத்தின் நடுப்பெட்டி, உறுமல் பெட்டி: எலி குடியிருக்கிறதா என்று பார்க்க.
– பின்பெட்டிகள் இரண்டும்: எட்வின் அண்ணன்.

கடைசி வரிக்கு எதிரே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மீன் கருகிவிட்டது.

04.05 திங்கள்

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகம் வரை பஸ்ஸில் நின்றபடியே. ஆய்வுகூடத்தில் இரண்டு அம்மீற்றர் பழுது.

புதுக் கொப்பி, அதனால் முதலில் இருந்தே எழுதிவைக்கிறேன். எங்கள் ஆள் பெரிய றொக் குழு ஒன்றில் கிட்டார் வாசித்தவர். குழு உடைந்ததும் தன் வீட்டிலேயே இருந்து தனியாக ஒரு தட்டுப் பதிந்தார். மஞ்சள் அட்டை. நானும் குணமும் ஏ.எல். படிக்கும்போது அதைக் கசெற்றில் எங்களுக்குத் தந்தவர் டச்பார் கடற்கரைத் தச்சர் எட்வின் அண்ணன். அந்தத் தட்டைத்தான் பழைய ஒலிநாடாவில் இருந்து பிரித்தெடுத்து, சுற்றிவர ஆறு பெட்டியில் கேட்கிற மாதிரி மறுபடி கலந்திருக்கிறார்கள். ஐந்து தசம் ஒன்று.

அறிவிப்பு வந்த 2004இலேயே பெட்டிகளை எட்வின் அண்ணன் தேக்கில் செய்தார். உள்வேலை என்னுடையது. ஆளுக்கு இரண்டு பெட்டி வீட்டில் வைத்திருக்க வேண்டும், ஒருவரும் களவாகத் தனியே கேட்கக்கூடாது. அது அவர் போட்ட சட்டம்.

மத்தியானம் கணினியில் ரசிகர் பக்கம் பார்த்தேன். உலகம் முழுக்க எங்களைப் போலப் பைத்தியங்கள். மேளம் பின்னால் வருமா என்று ஒருவன் நாற்பது வரி எழுதியிருக்கிறான். அந்தக் கரண்டிச் சத்தத்தைப் பற்றிப் போன வருடம் நான் கேட்ட கேள்வி அப்படியே கிடக்கிறது. பின்லாந்துக்காரன் ஒருவன் மட்டும் தனக்கும் கேட்பதாக எழுதியிருந்தான். நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

05.05 செவ்வாய்

நேற்றுக் கரண்டி என்று எழுதிவிட்டு நித்திரை வரவில்லை. அதையும் எழுதித் தொலைக்கிறேன்.

எட்டாவது பாட்டு. முடியும் இடத்தில் யாரோ தேத்தண்ணி கலக்கும் சத்தம் கேட்கிறது என்பார் எட்வின் அண்ணன். பக்கத்து அறையில் ஆளின் மனைவி கலக்குகிறாளாம். அது கசெற் தேய்ந்த சத்தம் என்பேன் நான். இல்லாவிட்டால் உங்கள் குசினியில் உங்கள் மனிசி ஜெசிந்தா அக்கா கலக்குகிற சத்தம் என்பேன். இருபது வருடச் சண்டை. 2004 நத்தார் அன்று பின்னேரம் அவர் வீட்டில் கேக் தின்றுகொண்டு பந்தயம் கட்டினோம். புதுக் கலவை வரட்டும், தோற்றவர் புளியந்தீவுப் பக்கமிருந்து கல்லடி வரை பாலத்தில் அந்தப் பாட்டைச் சத்தமாகப் பாடி நடக்க வேண்டும். நான் எழும்பி வரும்போது சொன்னேன்: "முதல்ல காதக் கழுவுங்க எட்வின் அண்ணன்."

அடுத்த நாள் காலை கடல் வந்தது. ஜெசிந்தா அக்கா பூசைக்குப் போயிருந்தா. அவர் போகவில்லை.

நான் அவருக்குச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். பந்தயத்தில் நான் வென்றால் அது அப்படியே நிற்கும். தோற்றால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். எனக்குத் தோற்க வேண்டும். ஆனால் சுத்தமாகத் தோற்க வேண்டும், இரக்கத்துக்காக இல்லை.

09.05 சனி

திராய்மடு, சுனாமி வீட்டுத்திட்டம். ஜெசிந்தா அக்காவிடம் போனேன்.

இடது பின்பெட்டி அவவிடம்தான் இருக்கிறது. அந்த நேரம் தாழம்பற்றைக்குள் கிடந்து எடுத்தது. அடியில் பின் இடதுக்கு 'பி.இ.' என்று அவர் உளியால் வெட்டிய எழுத்து அப்படியே. வலதைக் கடல் தரவில்லை.

பெட்டிக்குள் கோழி.

"அடை கிடக்குது புள்ள. பதினொரு முட்டை. இப்ப எழுப்ப ஏலா."

எத்தனை நாள் என்றேன். இன்னும் இரண்டு கிழமை என்றா. நாலரை வருடம் பொறுத்தவள், இப்போது ஒரு கோழிக்காகக் காத்திருக்க வேண்டும். கோழி என்னை முறைத்தது. நானும் முறைத்தேன்.

எதற்குப் பெட்டி என்று சொன்னேன். பந்தயம் அவவுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் அரிசிக் குறுணியை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தா. மனிசன் பொய் சொல்ல மாட்டார், ஆனால் காது கொஞ்சம் மந்தம்தான் என்றா. கேட்கும்போது தானும் வருவாவாம்.

14.05 வியாழன்

பார்சல் வந்துவிட்டது, ஒரு முறை பிரித்து ஒட்டியபடி. உள்ளே தட்டு பத்திரம். கடை அலுமாரியில் பூட்டி வைத்தான் குணம். ஆறு பெட்டியும் கூடாமல் உறையைக் கிழிப்பதில்லை. சட்டம் சட்டம்தான்.

வலது பின்பெட்டிக்குப் பெரிய பிஸ்கட் டின் ஒன்றும் பழைய ரீவியின் ஸ்பீக்கரும். அவலட்சணம். வேலை செய்யும்.

18.05 திங்கள்

பட்டாசு. சண்டை முடிந்துவிட்டதாம். பஸ் இல்லை, வேலைக்குப் போகவில்லை.

குணத்தின் கடை பூட்டு. மேல்மாடியில் கைத்தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். பக்கத்தில் இருந்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை.

தட்டைப் பற்றி நினைத்தேன் என்பதை இங்கே மட்டும் எழுதுகிறேன். என்மீது எனக்கே அருவருப்பாக இருந்தது.

23.05 சனி

ஒன்பது குஞ்சு. இரண்டு முட்டை கூழ்.

ஜெசிந்தா அக்கா பெட்டியைக் கழுவி வெயிலில் வைத்திருந்தா. சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் இறக்கச் சொன்னார்கள். ஆமிக்காரன் உள்ளே கைவிட்டான், எச்சம் ஒட்டியது, போகச் சொல்லிவிட்டான்.

பின்னேரம் முழுக்க வேலை. ஸ்பீக்கர் கூம்பு உக்கிப் போயிருந்தது. என் பழைய றேடியோவில் இருந்து ஒன்றைக் கழற்றிப் பொருத்தினேன். மூலையில் ஓரிடத்திலும் தேக்கு பிரியவில்லை. எத்தனை நாள் உப்புத்தண்ணீரில் கிடந்த பெட்டி. அவரைப் பாராட்ட ஆள் இல்லையே என்று கோபமாக வந்தது.

28.05 வியாழன்

குணம் கடை திறந்துவிட்டான். வவுனியா முகாமில் இருந்து வந்த ஒருவர் தம்பி மாதிரி ஒருவனைக் கண்டாராம். மாதிரி. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை போடுவோம் என்று அவனாகவே சொன்னான். அவசரமில்லை என்றேன்.

"சத்தமில்லாம இரிக்க ஏலாமக் கிடக்கு வசந்தி. போடு."

31.05 ஞாயிறு

மேகம். மழை இல்லை.

பூசை முடிந்து ஜெசிந்தா அக்கா நேரே கடை மேல்மாடிக்கு வந்தா. ஆறு பெட்டியும் சுற்றிவர. நடுக்கதிரை அவவுக்கு. நான் தரையில். குணம் கதவோரம், மடியில் தொலைபேசி. பாட்டு முடியும் வரை ஒருவரும் தேத்தண்ணி ஊற்றக் கூடாது, குசினிக் கதவைப் பூட்டு என்று சொன்னேன். இந்த முறை சந்தேகத்துக்கு இடமில்லை.

உறையை ஜெசிந்தா அக்கா கிழித்தா.

முதல் ஏழு பாட்டைப் பற்றி இன்னொரு நாள் எழுத வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஓர்கன் வந்தபோது குணம் திரும்பிப் பார்த்தான், ஆள் வந்ததென்று.

எட்டாவது. குரல் முன்னால். கிட்டார் இரண்டு பக்கமும். முடிகிறது. கிட்டார் நின்றது. பிறகு பின்னால், இடது பக்கம், கோழிப்பெட்டிக்குள் இருந்து: கிளிங், கிளிங், கிளிங். மூன்று சுற்று. கரண்டியைப் பீங்கானில் வைக்கும் சத்தம்.

மூன்று பேரும் கோழிப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தோம்.

திரும்பப் போட்டேன். அதே இடம். பெட்டியில் ஏதாவது ஆடுகிறதோ என்று பின்பெட்டி வயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தேன். சத்தம் பிஸ்கட் டின்னுக்குப் போனது. திருப்பி மாற்றினேன். பெட்டிக்கு வந்தது. இசைத்தட்டில்தான் இருக்கிறது. ஆய்வு முடிந்தது.

ஜெசிந்தா அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்தபடி இருந்தா.

"நான் இஞ்சதான இரிக்கன். கலக்கினது நானில்ல."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நன்றாக அழுதேன். குணம் குசினிக் கதவைத் திறந்து தண்ணீர் வைத்தான். அவன் கலக்கும்போது மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நாளை காலை பாலம். எனக்கு நாற்பத்துநாலு வயது, பாடத் தெரியாது, ஊர் முழுக்க என்னை அறியும். இருக்கட்டும்.

01.06 திங்கள்

காலை ஆறு மணி. காற்று இல்லை, வாவி அசையவில்லை. அரை நாள் லீவு போட்டேன்.

புளியந்தீவுப் பக்கம் மூன்று பேரும். சாவடியில் இருந்தவனிடம் குணம் சிங்களத்தில் விளக்கம் சொன்னான்: இவ பந்தயத்தில் தோற்றுவிட்டா, பாடிக்கொண்டு போகவேணும். யாரிடம் தோற்றா என்று அவன் கேட்டான். இவவின் புருஷனிடம் என்று ஜெசிந்தா அக்காவைக் காட்டினான். அவன் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையைக் காட்டினான்.

தொடங்கினேன். என் ஆங்கிலம், என் சுருதி. எதிரே வந்த மீன்காரர் சைக்கிளால் இறங்கிவிட்டார். பள்ளிக்கூட வான் ஒன்று முழுக்கச் சிரிப்பு. முதல் பாதி நன்றாகவே போனது. பாலத்தின் நடுவில் ரோந்து ஆமிக்காரர் நாலு பேர் எதிரே. குரல் தானாக இறங்கிவிட்டது. அவர்கள் கடந்து போகும்வரை வாய்க்குள் முணுமுணுத்தேன். பிறகு மறுபடி எடுத்துக் கல்லடிப் பக்கம் வந்து முடித்தேன். வேர்வை. குணம் கை தட்டினான்.

ஜெசிந்தா அக்கா தட்டவில்லை.

"நடுவில முணுமுணுத்தாய் புள்ள. அந்த மனிசன் இத ஒத்துக்கொள்ள மாட்டார்."

உண்மைதான். மாட்டார்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். புளியந்தீவுக்குத் திரும்ப நடந்தோம், முதலில் இருந்து தொடங்க.